முந்திரி வேரும் பீங்கான் மண்ணும்

விருத்தாசலத்தில் மண்ணைப் பற்றிச் சூளைக்காரர் ஒன்று சொல்வார், தோப்புக்காரர் வேறொன்று சொல்வார். ஊருக்குக் கிழக்கே நெய்வேலி, பண்ருட்டி வரை பூமிக்குள் திட்டுத்திட்டாகப் படிந்துகிடக்கும் வெள்ளைக் களியைச் சூளைக்காரர் செல்வம் என்பார். அந்தக் களி கலந்த செம்மண் மேட்டில் கன்று ஊன்றியவரோ, போட்ட உரம் நிற்காத மண் என்று அலுத்துக்கொள்வார். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பீங்கான் ஊர் என்று பேரெடுத்த விருத்தாசலத்தின் வரலாறும், அதைச் சுற்றி வளர்ந்த முந்திரிக்காடுகளின் வரலாறும் அந்த ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை.

கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்றொரு கனிமம் உண்டு. அலுமினியம், சிலிக்கா இரண்டோடும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் எல்லாம் அதில் பிணைந்திருக்கும். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் நிலத்தில் காலப்போக்கில் அந்தப் பிணைப்பு அவிழ்ந்துவிடுகிறது. கரையக்கூடியதெல்லாம் நீரோடு போய்விட, எஞ்சி நிற்பது கயோலினைட் எனும் வெள்ளைக் களி. சூளையில் மண்ணைச் சீக்கிரம் உருகவைப்பவை பொட்டாசியம், சோடியம், இரும்பு போன்றவைதான். அவை நீங்கிவிட்டதால் இந்தக் களி 1200 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கும். வெந்த பிறகும் வெளுப்பாக இருக்கும். சூளைக்கு லாபமான இதே விஷயம் வேருக்கு நஷ்டம். மழை கொண்டுபோன பொட்டாசியமும் கால்சியமும் செடியின் ஆகாரம். போதாததற்கு, புதிதாகப் போடும் சத்தைப் பிடித்துவைக்கும் திறனும் கயோலினைட்டுக்குக் குறைவு. மண் ஆய்வாளர்கள் இதை 100 கிராம் களிக்கு இத்தனை மில்லி ஈக்விவலன்ட் என்று அளப்பார்கள். கயோலினைட்டுக்கு அது 3 முதல் 15 வரை. கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் களிக்கு 80க்கும் மேல்.

பீங்கான் கூடத்தில் களியோடு ஃபெல்ட்ஸ்பார் பொடியைத் திரும்பவும் சேர்த்துத்தான் கலவை தயாரிக்கிறார்கள். தோப்பில் மழைக்காலம் பார்த்துப் பொட்டாஷ் வைக்கிறார்கள். மழை கரைத்துக்கொண்டு போனதை இரு தரப்பும் மூட்டையில் விலைக்கு வாங்கி மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன.

இந்த வட்டாரத்தின் நில அமைப்பை முறையாக எழுதிவைத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றிய அவருடைய பெரிய அறிக்கை 1862இல் வெளிவந்தது. பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவராகப் போனவரும் இவரே. தமிழ்நாட்டில் கடல் ஒரு காலத்தில் உள்ளே ஏறிவந்து விட்டுப்போன கிரெட்டேஷியஸ் படிவுகளை அவர் மூன்று பகுதிகளாகப் பிரித்தார்: திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி. அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள் அந்தப் படிவுகளில் நிறைய. அவற்றைத் தொல்லுயிர் ஆய்வாளர் ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா பிற்பாடு விரிவாக விவரித்தார்.

பிளான்ஃபோர்ட் கண்ட அடுக்கை இன்றும் ஒரு பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடலாம். மேற்கே வேப்பூர் பக்கம் பழைய கடினப்பாறை, அதாவது நைஸும் சார்னகைட்டும், மேலாகவே கிடக்கிறது. 250 கோடி ஆண்டுக் கணக்கில் வயது சொல்லப்படும் பாறை இது. மண் ஆழம் குறைவு என்பதால் மழையை நம்பிய சோளமும் மக்காச்சோளமும் பருத்தியும் அங்கே. அடுத்து, கடல் விட்டுப்போன களியும் சுண்ணாம்பும் கலந்த பகுதி. அரியலூர்ப் பக்கம் போகப்போக அது அகன்று சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனியாகிறது. அதன்மேல் உருவான கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். நட்ட இளங்கன்றின் மெல்லிய வேர்களை அந்த வெடிப்பு அறுத்துவிடும் என்பதால் தோப்பு வைக்க யோசிப்பார்கள். நடுவே மணிமுத்தாறும் வெள்ளாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்; நெல், கரும்பு எல்லாம் அங்கேதான். சுந்தரர் இந்த மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது தலபுராணம். உழவர் கணக்கில் ஆறு நிஜமாகவே கொண்டுவந்த பொன் இந்த வண்டல்.

ஆற்றைத் தாண்டிக் கிழக்கே ஏறினால் செம்மண் மேடு. நிலவியலாளர் இதற்குக் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பழைய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் கூழாங்கல்லும் களியும் அடுக்கடுக்காக இறுகிய படிவு. மேலே இரும்பேறிச் சிவந்த மண். அதற்குக் கீழே பல இடங்களில் சரளையும் செம்பொறையும். இன்னும் கீழே மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகக் களியும் மணலும். அதற்கும் கீழே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. விருத்தாசலத்தின் தொழில்களெல்லாம் இந்த அடுக்குகளில் ஏதோ ஒன்றில் கால் ஊன்றியவை.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் நீரோடு வந்தது. அதிலிருந்து தொடங்கிய தேடல் 1956இல் நெய்வேலி நிலக்கரிக் கழகமாக உருவெடுத்தது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிச்சம் கண்டது. நிலக்கரியைத் தொடுவதற்கு முன் கழித்தாக வேண்டிய மேல்மண்ணில் வெள்ளைக் களியும் இருந்தது. அதை வீணாக்காமல் கழுவிப் பிரிக்க ஓர் ஆலையும் அந்தப் பெருந்திட்டத்தில் இடம்பெற்றது. மின் நிலையம், உர ஆலை இவற்றின் நிழலில் இந்தக் களி கழுவும் ஆலையைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. பீங்கான் தொழிலைப் பொறுத்தவரை அது சின்ன விஷயமல்ல.

பக்கத்தில் களி; சேலம், கடலூர், திருச்சி, விழுப்புரம் என நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு; பெரிய ஆறில்லாத மேட்டுநிலத்தில் வேலை தேடும் ஜனம். இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் அரசு பீங்கான் தொழிற்பேட்டையை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பயிலகமும் விருத்தாசலத்தில் வந்தது. தமிழ்நாட்டு வீடுகளின் மின்பலகையில் ஒரு காலத்தில் கட்டாயம் இருந்த வெள்ளைப் பியூஸ் கட்டை, மின் இணைப்புக்கான சிறு சாமான்கள், அகல்விளக்கு, நவராத்திரிக் கொலுவுக்கும் அலமாரிக்கும் போகும் பொம்மைகள் என்று சிறுசிறு கூடங்களில் வேலை நடந்தது.

பொம்மை வார்க்கும் வேலையைக் கிட்டேயிருந்து பார்த்தால் இந்தக் களியின் குணம் புரியும். களி, ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா மூன்றையும் நீரோடு அரைத்துப் பால்கோவா பதத்துக்குச் சற்று முந்தைய குழம்பாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வாய்வரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உள்சுவரை ஒட்டிக் களி ஒரு தோலாகக் கட்டும். தோல் போதிய கனம் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மீதிக் குழம்பை வடித்துவிடுவார்கள். சற்றுப் பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. நீரை எளிதில் விட்டுவிடுவது, காய்ந்தால் அதிகம் சுருங்காதது, வெடிக்காதது: இவை கயோலினைட்டின் குணங்கள். கரிசல் களியை இதே அச்சில் ஊற்றினால் அது நீரை இறுகப் பிடித்துக்கொண்டு, காயும்போது கோணிப் பிளந்துவிடும். நீரைப் பிடித்துவைக்கும் அந்தக் குணத்தால்தான் கரிசலில் பயிர் மழை ஓய்ந்த பின்னும் தாக்குப்பிடிக்கிறது. செம்மண் மேட்டில் தை கடந்தால் இளங்கன்று வாடுகிறது.

முந்திரிக்கு முன்னால் இந்த மேட்டில் நின்றது வீரை, காசான், உலக்கைப்பாலை, உசில் போன்ற மரங்களடங்கிய உலர் பசுமைக்காடு. கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கோயில்காடுகள் சிலவற்றில் அதன் மிச்சம் இப்போதும் இருக்கிறது. மெதுவாக வளர்ந்து, உதிர்ந்த இலையையே மறுபடி உண்டு வாழும் காடு அது. சத்து மண்ணில் நிற்காத இடத்தில் சத்தை மரத்திலும் சருகிலும் சேமித்துவைப்பது அதன் வழி. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அதை வெட்டிவிட்டபோது மரத்தோடு சேர்த்து மண்ணின் கையிருப்பும் போய்விட்டது. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. வறண்ட பூமியில் மிக ஆழத்துக்கு வேர் இறக்கி நீர் தேடும் மரம் அது. கோயில் திருப்பணி செய்தவர்களுக்குக் கூலியாகத் தந்த வன்னி இலை பொன்னானது என்ற கதையை ஊரார் சொல்வார்கள்.

பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் முந்திரியை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டைக்கு விலை கிடைத்ததெல்லாம் பிற்பாடு. ஆரம்பத்தில் அதன் உபயோகம் மண் அரிப்பைத் தடுப்பது. கிழக்குக் கரைக்கு வந்தபோதும் அதற்குக் கிடைத்தது வேறெதுவும் சரியாக விளையாத மேடுதான். அமிலத்தன்மையுள்ள, சத்துக் குறைந்த மண்ணையும் அது பொறுத்துக்கொள்கிறது. தேங்கும் தண்ணீரையும் களர் நிலத்தையும் பொறுப்பதில்லை. அதனால்தான் வண்டலிலும் கரிசலிலும் முந்திரி கிடையாது. விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி மேடுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரி. பண்ருட்டியில் செம்மண் ஆழமாக இருக்கும் இடங்களில் பலாவும் சேர்ந்துகொள்கிறது. அரசு வனத்தோட்டக் கழகம் 1974இல் உருவான பின் தைலமரமும் முந்திரியும் வரிசைவரிசையாகக் காட்டு நிலங்களில் ஏறின.

விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இந்த நிலையம் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் பேர்பெற்றது. விதையிலிருந்து முளைத்த தோப்பில் ஒரு மரத்தைப்போல் இன்னொன்று காய்க்காது. அவற்றில் நன்றாகக் காய்த்த தாய்மரங்களைத் தேடிப்பிடித்துத் தேர்ந்ததில் வந்தவைதான் வி.ஆர்.ஐ. 1 (1981), வி.ஆர்.ஐ. 2 (1985), வி.ஆர்.ஐ. 3 (1991) ரகங்கள். ஊரின் பெயரைச் சுமந்த இந்த ஒட்டுக்கன்றுகள் மாநிலம் கடந்தும் போயிருக்கின்றன. இந்த மண்ணில் பல பத்தாண்டு தாக்குப்பிடித்துக் காய்த்த மரங்களிலிருந்து எடுத்த தேர்வு என்பதால், மண்ணின் சம்மதம் பெற்ற ரகங்கள் என்றே அவற்றைச் சொல்லலாம்.

ஓர் இளங்கன்றின் விதி முதல் சில ஆண்டுகளில் வேர் எங்கே தட்டுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. 45 சென்டிமீட்டர் குழி தோண்டி, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, அதில் கன்றை வைக்கிறார்கள். குழிக்குள் இருக்கும் வரை எல்லாக் கன்றும் ஒன்றுபோலத் தளிர்க்கும். ஆணிவேர் குழியின் அடியைத் தாண்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். கீழே ஆழமான செம்மண்ணோ இளகிய மணற்கல்லோ இருந்தால் வேர் இறங்கிப் பங்குனி வெயிலிலும் ஈரம் கண்டுபிடிக்கும். சரளை இறுகிய செம்பொறை குறுக்கிட்டால் வேர் பக்கவாட்டில் திரும்பிவிடும். மழை பெய்தால் அந்தத் தட்டின்மேல் நீர் தேங்கி வேர் மூச்சுமுட்டும். வெயிலடித்தால் அதே இடம் காய்ந்துபோகும். இதோடு மணிச்சத்துப் பிரச்சினை வேறு: செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டுவிடும். ஒரே வரிசையில் ஒரே நாளில் நட்ட கன்றுகளில் ஒன்று ஆளுயரமும் அடுத்தது இடுப்பளவுமாக நின்றால், பராமரிப்பைக் குறை சொல்வதற்கு முன் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பது நல்லது.

இறுகிய அடித்தட்டோடு இளம் மரங்கள் போராடிய வரலாற்றுக்குப் பெரிய உதாரணம் பிரான்சின் லாண்டு பகுதி. பைன் மரத்துக்குப் பேர்போன அந்தச் சமவெளியில் மணலுக்கடியில் இரும்பு கட்டிய ஒரு தட்டு உண்டு. அங்கே அதை அலியோஸ் என்கிறார்கள். குளிர்காலத்தில் சதுப்பு, கோடையில் பாலை. ஆடு மேய்ப்பவர்கள் கட்டைக்காலில் நடந்த ஊர். 1857இல் வந்த சட்டம் ஒவ்வோர் ஊரும் தன் பொதுநிலத்தை வடித்துப் பைன் நட வேண்டும் என்றது. பொறியாளர் சாம்ப்ரெலான் வாய்க்கால் வெட்டி நீரை இறக்கிக் காட்டிய பிறகே கன்றுகள் நின்றன. இன்று அது சுமார் 10 லட்சம் ஹெக்டேர் காடு. ஆஸ்திரேலியாவில் கதை வேறு: தெற்கிலும் மேற்கிலும் மணற்பாங்கான நிலத்தில் வைத்த இளம் பைன்கள் நுனி கருகிக் குட்டையாகவே நின்றன. மண்ணில் துத்தநாகம் இல்லாததே காரணம் என்பது 1930களில் தெரியவந்தது. துத்தநாக சல்பேட் தெளித்ததும் வளர்ந்தன.

கடலூர்க் கரையோர மணலில் இந்தப் பைனின் இடத்தைப் பிடித்தது சவுக்கு. தோற்றத்தில் ஊசியிலை மரம்போல இருந்தாலும் அதன் வேர் முடிச்சில் ஃபிராங்கியா எனும் நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. சத்தேயில்லாத மணலில் நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வருவது அதனால்தான்.

ஊசியிலை மரங்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவையும் அல்ல. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இதே கடலூர் மணற்கல்லில் கல்லாகிப்போன பெருமரங்கள் கிடக்கின்றன. 1781இல் சொன்னெரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் அவற்றைப் பற்றி எழுதினார். சுமார் 2 கோடி ஆண்டு வயது சொல்லப்படும் அந்த மரங்களில் பெரும்பாலானவை பூக்கும் தாவர வகை என்றாலும், கூம்பு காய்க்கும் வகையும் அவற்றில் இனங்காணப்பட்டிருக்கிறது.

இதே மணற்கல் மேட்டில் கண்முன்னே வளர்ந்த இளங்காடு ஆரோவில். 1968இல் அந்நகர் தொடங்கியபோது அங்கே இருந்தது புல்கூடச் சரியாக முளைக்காத, ஓடைகள் அரித்துப் பிளந்த செந்தரை. முதல் மழைக்கே மேல்மண் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வரப்புப் போட்டு நீரை நிறுத்திய பிறகே நடவு எடுபட்டது. முதலில் நைட்ரஜன் பிடிக்கும் ஆஸ்திரேலிய வேலமர வகை ஒன்றைப் பரவலாக நட்டு, அதன் நிழலிலும் சருகிலும் வீரை, காசான் முதலிய மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். நெய்வேலியில் வேலை இன்னும் கடினம். 50, 60 மீட்டர் ஆழத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்குன்றுகள் அதுவரை ஒரு வேரையும் பார்த்ததில்லை. அங்கே நைட்ரஜனும் கிடையாது, மட்கும் கிடையாது. தொழு உரம், நுண்ணுயிர் உரத்தோடு நிலக்கரியிலிருந்தே எடுத்த ஹியூமிக் பொருளும் இட்டு அவற்றில் மரம் வளர்த்தார்கள். புதைந்துபோன பழங்காடு புதுக்காட்டுக்கு எருவானது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. வடகிழக்குப் பருவமழையில் ஊறித் தளர்ந்திருந்த மண். குடைவிரித்து இலை அடர்ந்து நின்ற முந்திரி. கடலூர் மாவட்டத் தோப்புகளில் பெரும்பகுதி ஒரே காலையில் சாய்ந்தது. பண்ருட்டிப் பலாவும் தப்பவில்லை, ஆரோவில் வேலமரங்களும் தப்பவில்லை. முந்திரி ஊன்றினால் பேரனுக்கும் காய்க்கும் என்று கணக்குப் போட்டிருந்த குடும்பங்கள், மரத்தை அறுத்து விறகு விலைக்குக் கொடுத்தன. மறுபடி காய்ப்பு வரும்வரை வருமானத்துக்கு வழியில்லை. கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியும் அதோடு நின்றது. அந்த இழப்பின் கனத்தை நிவாரணத் தொகை எதுவும் ஈடுசெய்யவில்லை என்பதே நியாயமான கணிப்பு.

மறுநடவு ஒட்டுக்கன்றுகளால் நடந்தது. பழைய விதைத் தோப்பில் இடைவெளிக்குக் கணக்கில்லை. ஒட்டுக்கு 7 மீட்டருக்கு 7 மீட்டர் என்பது வழக்கம். இப்போது 5 மீட்டருக்கு 4 மீட்டர் வைத்து ஹெக்டேருக்கு 500 கன்று நடும் அடர்நடவும் பரவியிருக்கிறது. மானாவாரியாகவே வளர்ந்த முந்திரிக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்தது இதனால்தான். சத்தும் ஈரமும் நிற்காத மண்ணில் இத்தனை வேர்கள் நெருங்கி நின்றால் இரண்டையும் வெளியிலிருந்து தந்தாக வேண்டும்.

அந்த நீர் வருவதும் கடலூர் மணற்கல்லிலிருந்துதான். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். முதல் சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த இறைப்பு நிற்கவில்லை. ஊர்களின் குடிநீர்க் குழாய், கரும்புத் தோட்டத்து மோட்டார், புதிய முந்திரிச் சொட்டுநீர் எல்லாம் அதே மணற்கல்லில் துளை போட்டிருக்கின்றன. பீங்கான் கூடங்களிலோ பியூஸ் கட்டைக்குப் பதில் சிறு பொத்தான் சுவிட்சுகள் வந்தபின் வேலை மெலிந்து, பொம்மையும் விளக்கும் முன்னுக்கு வந்துவிட்டன. செம்மண் மேட்டிலோ இளந்தோப்புகள் காய்ப்புக்கு வந்துவிட்டன. தை, மாசியில் பூவெடுத்துப் பங்குனி, சித்திரையில் பழம் உதிர்கிறது. புதுக்கன்று வைப்பவர்கள் சரளை தட்டும் இடத்தில் குழியை இன்னும் அகலமாக வெட்டி, கடப்பாரையால் அடித்தட்டை உடைத்துவிட்டு, குழிக்குள் மேல்மண்ணையும் எருவையும் இரட்டிப்பாகப் போடுகிறார்கள்.